வேர்ட்பிரஸில் எங்கள் சபைத் தளம்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ச் சபையின் இணையத்தளத்தை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளமில்லாத ஊழியம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு, ஆலயத்தின் பின்னறையில் மடிக்கணினியோடு உட்காருவேன். தளம் ஓடுவது வேர்ட்பிரஸில். 2003இல் வந்த இலவச மென்பொருள் அது. செலவெல்லாம் தள முகவரிக்கும் (டொமைன்) தளத்தை வைக்கும் இடவாடகைக்கும் (ஹோஸ்டிங்) தான். சிறிய சபைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தமிழில் நடத்துகிறவர்கள் முதல் நாளே சில அமைப்புகளைச் சரிசெய்துவிட வேண்டும். நான் செய்யவில்லை.

முதலில் நேரம். புதிதாக நிறுவும்போது வேர்ட்பிரஸ் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாமோ அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். பேராக்கில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது, சபா சரவாக்கில்தான் உண்டு. எங்கள் ஆட்கள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். ஒரு வருடம் பெரிய வெள்ளி ஆராதனையை 12 மணியிலிருந்து 11க்கு மாற்றியிருந்தோம். அறிவிப்பு காலை 6 மணிக்கு வெளியாகும்படி முந்தின இரவே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அது வெளியானது பிற்பகல் 2 மணிக்கு. போன ஞாயிறு வரமுடியாமல் போன ஓர் ஆன்டி, சரியாக 12 மணிக்கு வந்து, கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். வெளியே வரும்போது "தம்பி, நான்தான் நேரத்தைத் தப்பாகப் பார்த்துட்டேனா?" என்று கேட்டார். அவர் தப்பாகப் பார்க்கவில்லை. அன்று மாலையே அமைப்புக்குள் போய் நேர மண்டலத்தில் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தேன். அரை நிமிட வேலை.

அடுத்தது முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே அமைகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிகிறது. விசிறி ('ி' குறி), புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. வேர்ட்பிரஸ் அந்த முகவரித் துண்டுக்குக் கொடுக்கும் இடம் மொத்தம் 200. 'அறுப்பின் பண்டிகை சிறப்பு ஆராதனை' என்று போட்டால் 'சிறப்ப' என்ற இடத்திலேயே நறுக்கிவிடும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறிகளாக நிற்கும். வயதானவர்கள் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடுவதேயில்லை. இப்போது தலைப்பைத் தமிழில் வைத்துவிட்டு, முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லும் வருடமுமாகச் சுருக்கி எழுதுகிறேன்.

பழைய அறிவிப்புத்தாள்களை ஏற்றியதுதான் எனக்குப் பிடித்த வேலை. எங்கள் செயலாளர் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும், ஏனென்றால் பாமினி ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு, மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தாளாக மாற்றும்போது, மூடிப்போன தோட்டங்களின் பெயர்கள் வீட்டு ஜெப அட்டவணையில் வந்துகொண்டே இருந்தன. லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) போய் எல்லாரும் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார்கள், ஆனாலும் சபையில் இன்னும் தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை அடையாளம் காட்டுவோம். அதனால் வீட்டு ஜெபப் பக்கத்தில் இப்போதைய முகவரிக்குப் பக்கத்திலேயே பழைய தோட்டப் பெயரையும் போட்டேன். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இருக்கிற பிள்ளைகள் அதிகம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸில் வந்த, ஒவ்வொரு பத்தியையும் தனிக் கட்டமாக வைக்கும் கட்ட முறைத் தொகுப்பான் (பிளாக் எடிட்டர்) ஐயாவுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஒரு பத்தியைத் தொட்டால் ஏதேதோ பட்டைகள் எழும்புகின்றன. அறிவிப்புக்கென்று ஒரு மாதிரியைச் செய்து சேமித்து வைத்தேன்: தேதி, நேரம், வசனம், பொறுப்பாளர். அப்புறம் ஐயா கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியைத் திறந்து அவரே நிரப்பத் தொடங்கிவிட்டார். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பிலிருந்து பெரிய படங்களை அதுவே 2560 படப்புள்ளிக்குச் (பிக்சல்) சுருக்கிவிடும். செம்பனைக்குள் இருக்கும் வீடுகளில் இணைய லைன் மெதுவாக இருப்பதால் நான் 1200க்கு இறக்கியே ஏற்றுகிறேன்.

காப்பு நகல் மட்டும் கட்டாயம். ஒருமுறை ஒரு செருகுநிரலை (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல், பிளகின்) புதுப்பித்ததும் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது, அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில். அப்டிராஃப்ட்பிளஸ் என்ற காப்பு நகல் செருகுநிரலின் இலவசப் பதிப்பு வாராவாரம் கூகுள் டிரைவில் நகல் போட்டுவைத்திருந்ததால் அன்று இரவே மீட்டுவிட்டேன். வாரம் அரை மணி நேரம் புதுப்பித்தலுக்கு ஒதுக்க ஆள் இல்லாத சபை என்றால், வேர்ட்பிரஸ் வேண்டாம், ஃபேஸ்புக் பக்கமே நல்லது என்பேன்.

இப்போது வாலிபர் சங்கத்துத் தங்கச்சி ஒருத்திக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் நாள் அவளுக்குத் திறந்து காட்டியது நேர மண்டலத்தைத்தான்.