சித்தூர் அரசுக் கல்லூரியா, கோவை சுயநிதிக் கல்லூரியா?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேன்பதி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வருடா வருடம் வரும் சிக்கல் இது. காலிக்கட் பல்கலைக்கழக அலாட்மென்டில் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரி கிடைத்திருக்கும். அதற்கு முன்பே கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரி சீட் கொடுத்து முன்பணமும் வாங்கியிருக்கும்.

முதலில் பணம். சித்தூரில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. கோவையில் சொல்லும் தொகை பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். தேர்வுக் கட்டணம், சீருடை, பிளேஸ்மென்ட் பயிற்சி, பஸ் எல்லாம் தனி. மூன்று வருடத்துக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்க்கணக்கை நம்ப வேண்டாம். கல்லூரி பஸ் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். செக்போஸ்டோடு நின்றுவிட்டால் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் செலவும் நேரமும் உங்கள் தலையில்தான்.

பலர் ஏமாறும் இடம் அரசு உதவித்தொகை. தமிழ்நாட்டுக் கல்லூரியில் படித்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று நம்பிப் போகிறார்கள். அதைத் தரும் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்கள் இரண்டுமே ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கானவை. பாலக்காட்டில் தமிழ்வழியில் படித்திருந்தாலும் கணக்கில் வராது. சாதிச் சான்றும் அப்படியே. கேரளச் சான்றை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது, பொதுப்பிரிவுதான். சித்தூரில் மெரிட் சீட் என்றால் தகுதியுள்ளவர்களுக்குக் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை உண்டு.

இன்னொரு நம்பிக்கை, கோவையில் படித்தால் டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்வழி 20 சதவீத முன்னுரிமை கிடைக்கும் என்பது. பட்டப்படிப்புத் தகுதியிலான வேலைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் டிகிரி வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆங்கிலவழிதான். அங்கேயே அது அறுந்துவிடும்.

படிப்பின் நீளத்தைப் பார்த்துச் சித்தூரை ஒதுக்குபவர்கள் உண்டு. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுத் திட்டம் என்றாலும், மூன்றாவது வருடத்தில் 133 கிரெடிட் முடித்தால் டிகிரியோடு வெளியேறலாம். நான்காவது வருடமும் இருந்து 177 கிரெடிட் எடுத்தால் ஆனர்ஸ். அதன்பின் பிஜி (முதுகலை) ஒரே வருடம். கோவையில் மூன்றும் இரண்டும் ஐந்து. பிஜி வரை போகிறவருக்கு இரு பக்கமும் ஒரே கணக்கு.

பாடம் நடப்பது சித்தூரில் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதில் விழும் மலையாளம் புரியும். தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், அதற்குத்தான் முதல் செமஸ்டர் திணறல். அங்கே தமிழ்த்துறையும் இருக்கிறது. மொழிப்பாடமாகத் தமிழ் எடுக்கலாம். சேரும்போது கேட்டு வாங்காவிட்டால் வேறு மொழியில் போட்டுவிடுவார்கள். வேலைநிறுத்தம், யூனியன் தேர்தல் என்று வகுப்பு தள்ளிப்போவது சித்தூரின் குறை. கோவையில் வருகைப்பதிவு, டிரெஸ் கோட் எல்லாம் கறார். வகுப்பு நேரத்துக்கு நடக்கும்.

பிளேஸ்மென்டில் கோவைதான் முன்னே, மறுப்பதற்கில்லை. ஆனால் நோட்டீஸில் உள்ள கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு, உங்கள் துறையில் போன வருடம் எத்தனை பேர், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று அந்தத் துறையின் மூன்றாம் வருட மாணவரிடம் கேளுங்கள். கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசு வேலை, ஆசிரியர் வேலை, பிஜி இவற்றில் ஒன்று மனதில் இருந்தால் சித்தூர்தான் சரி. கோவை டிகிரியின் பெயர் வெறும் பி.காம். என்று நிற்காமல் பி.காம். சி.ஏ. என்பதுபோல வால் நீண்டிருந்தால், கேரளத்துக்குத் திரும்பி வரும்போது இங்குள்ள டிகிரிக்குச் சமம் என்னும் ஈக்விவலன்சி சான்று கேட்கப்படலாம். படித்த கையோடு கோவை, திருப்பூர் கம்பெனி வேலை போதும் என்பவர்கள், கட்டணம் தாங்குமானால் கோவைக்கே போகலாம். வாளையாறு, கஞ்சிக்கோடு ரயில் பாதையில் இருக்கும் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம் என்பதால் பயணச் செலவும் குறையும்.

முடிவெடுக்கும் வரை இரண்டு விஷயத்தில் கவனம். காலிக்கட் அலாட்மென்டில் சீட்டை உறுதிசெய்யும் மேன்டேட்டரி ஃபீஸைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும். சித்தூரே போதும் என்றால் விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே கொடுத்த ஆப்ஷன்களை ரத்து செய்துவிடுங்கள். வைத்திருந்தால் அடுத்த அலாட்மென்டில் தானாக மாற்றிவிடுவார்கள், பழைய சீட் திரும்பக் கிடைக்காது. கோவைக் கல்லூரியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்க யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். விலகுவதானால் ரசீது நகலோடு எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட முத்திரை வாங்குங்கள். ரீஃபண்ட் எவ்வளவு என்பதை அந்தத் தேதிதான் தீர்மானிக்கும்.