ஆஸ்டின் நகரத்தின் முன் இருந்த இரண்டு வழிகள்

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை ரத்து செய்ததும், டெக்சாஸில் கருக்கலைப்பு கிட்டத்தட்ட முழுவதும் தடையானது. மாநிலச் சட்டத்தை நகர மன்றத்தால் மாற்ற முடியாது. சரி, வேறென்ன செய்யலாம்? டெக்சாஸின் தலைநகரான ஆஸ்டின் அடுத்த மாதமே கிரேஸ் தீர்மானத்தை நிறைவேற்றியது: கருக்கலைப்பு வழக்குகளுக்குப் போலீஸ் கடைசி இடம்தான் தர வேண்டும், கருக்கலைப்பு பற்றிய விவரம் சேகரிக்க நகர நிதி செலவாகக் கூடாது. தேவையான காப்புதான். ஆனால் அது மருத்துவரின் உரிமத்தைக் காப்பாற்றாது, மூடிய கிளினிக்கைத் திறக்காது.

2024இல் வந்தது அடுத்த வழி. கருக்கலைப்புக்காக வெளிமாநிலம் போகும் பெண்களின் பயணம், தங்குமிடம், குழந்தைப் பராமரிப்புக்கு நகரம் 4 லட்சம் டாலர் ஒதுக்கியது. கையில் காசில்லாத பெண்ணுக்கு இதுதான் உண்மையான உதவி என்பேன். மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார். 2025இல் இப்படிப் பணம் தருவதையே மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.