மேக்னம் ரிவால்வருக்கு வார்ப்பு ஈயக் குண்டு: எதை வாங்கலாம்?

மேக்னம் ரிவால்வருக்கு வார்ப்பு ஈயக் குண்டு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிரினெல் எண்ணை, அதாவது குண்டின் கடினத்தைக் காட்டும் எண்ணைத்தான். 15-ஐ விட 18 மேல், 18-ஐ விட 22 மேல் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. விட்டம் பொருந்தினால் நடுத்தரக் கடினம் உள்ள குண்டே மேக்னத்துக்குப் போதும். விட்டம் பொருந்தாவிட்டால் எவ்வளவு கடினமான குண்டானாலும் குழலில் ஈயம் அப்பிக்கொள்ளும்.

கடினம்தான் எல்லாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1935-ல் .357 மேக்னம் வந்தபோது ஆலைத் தோட்டாவில் இருந்தது 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு. அந்த வேகத்தை அது தாங்கவில்லை; குழலில் ஈயம் மோசமாகப் படிந்தது. குண்டு மென்மையாக இருந்ததால்தான் இப்படி ஆனது, கெட்டியாக வார்த்தால் தீர்ந்துவிடும் என்று பலரும் முடிவு கட்டினார்கள். அதில் பாதி உண்மை.

மீதிப் பாதி குண்டின் பின்புறத்தில் நடக்கிறது. வெடிமருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது, போதிய மென்மை உள்ள குண்டின் அடிப்பகுதி சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கினால், அந்தக் கலவை விரியத் தொடங்கும் அழுத்தம் பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில்) ஏறக்குறையக் கிடைக்கும் என்பது கைக்கணக்கு. எண் 12 என்றால் சுமார் 17,000. எண் 22 என்றால் 31,000-க்கு மேல். .357 மேக்னத்தின் உச்ச வரம்பு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. ஆனால் நம்மில் பலர் சுடுவது 20,000 சுற்றிலான மிதமான தோட்டாக்களை. அந்த அழுத்தத்தில் எண் 22 குண்டு அசைந்துகொடுக்காது. அது ஒரு மயிரிழை சிறிதாக இருந்தாலும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு, ஈயத்தை உருக்கி அரித்து, குழலின் தொடக்கத்திலேயே பூசிவிட்டுப் போகும்.

ஆகவே பெட்டியைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். ரிவால்வர் காலியாக இருப்பதை உறுதிசெய்து, சிலிண்டரைத் துடைத்துவிட்டு, வாங்க நினைக்கும் குண்டு ஒன்றை அறையின் முன்வாயில், அதாவது த்ரோட்டில், வைத்து ஒரு பென்சிலால் தள்ளிப் பாருங்கள். லேசான எதிர்ப்போடு நழுவிப் போனால் சரியான அளவு. தானாகவே விழுந்தால் சிறியது. தட்டித்தான் இறக்க வேண்டும் என்றால் பெரியது. எல்லா அறைகளிலும் பார்க்க வேண்டும். ஒரே சிலிண்டரில் ஓர் அறை மட்டும் வேறுபடுவது உண்டு. .357-க்குக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 0.358 அங்குலக் குண்டு, .44-க்கு 0.430. ஆனால் 0.431, 0.432 த்ரோட் உள்ள .44 ரிவால்வர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 0.430 குண்டைப் போட்டுவிட்டுக் கலவையைக் குறை சொல்வது நியாயமில்லை. கேட்ட அளவுக்குச் சைஸ் செய்து தரும் வார்ப்பாளர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பிரினெல் எண்ணை விட அந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுப்பேன்.

இனி சரக்குகளுக்கு வருவோம். சந்தையில் அதிகம் கிடைப்பது ஹார்ட் காஸ்ட். பெரும்பாலும் 92 பங்கு ஈயம், 6 பங்கு ஆன்டிமனி, 2 பங்கு வெள்ளீயம். பிரினெல் எண் 15-16 வரும். கலவையில் குறை இல்லை. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது அடிப்பாகம். தானியங்கி இயந்திரத்தில் வார்க்கும் குண்டு அச்சிலிருந்து சுலபமாக விழவும், தோட்டாக் கூட்டின் வாயில் சுலபமாக நுழையவும் அடி ஓரத்தைச் சரிவாக வைக்கிறார்கள். வாயுவை அடைப்பதில் தட்டை அடிக்கு அது ஈடாகாது. இரண்டாவது, குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் வழுக்கலுக்காக இடும் நீல அல்லது சிவப்பு மெழுகு. நெடும்பயணத்திலும் வெயிலிலும் உருகிவிடக் கூடாது என்பதற்காகக் கெட்டியாகச் செய்யப்பட்டது அது. பெட்டியைத் திறந்தால் அடியில் மெழுகுச் சில்லுகள் உதிர்ந்து கிடக்கும். சில குண்டுகளில் பாதிப் பள்ளம் காலியாக இருக்கும். உதிராமல் நிற்கும் மெழுகுகூட மிதமான அழுத்தத்தில் சரியாக வேலை செய்வதில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும் என்பதுதான் இதன் பலம். முழு வேகத்தில், பொருந்தும் விட்டத்தில் இது நன்றாகவே சுடும்.

இதற்கு நேர் எதிர், சிறு வார்ப்பாளர்கள் தரும் மென்மையான குண்டு: எண் 11-12, தட்டை அடி, தேன்மெழுகு கலந்த இளகிய மெழுகு. வினாடிக்கு 1,000 அடியைச் சுற்றிய வேகத்தில் இதற்கு நிகர் எதுவும் இல்லை என்பேன். அடி விரிந்து அடைப்பதால் த்ரோட்டில் சிறு வித்தியாசம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தொல்லையும் உண்டு. புகை அதிகம். மெழுகு விரலிலும், தோட்டாவை நாமே ஏற்றும்போது குண்டைக் கூட்டுக்குள் இறக்கும் ரீலோடிங் டையிலும் ஒட்டும்; டையில் சேரச் சேரக் குண்டு இறங்கும் ஆழம் மாறும். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும் என்பதால் நடுநடுவே டையைக் கழற்றித் துடைப்பதைத் தவிர்க்க முடியாது. முழு மேக்னம் வேகத்துக்கு இதைத் தள்ளாதீர்கள்.

அந்த முழு வேகத்துக்கென்றே இருப்பது கேஸ் செக். குண்டின் அடியில் பிடித்து அழுத்தப்பட்ட மெல்லிய செம்புத் தொப்பி அது. வாயு ஈயத்தைத் தொடுவதற்கு முன் செம்பைத் தொடுகிறது. குழலின் உட்புறச் சுழல் வரிகளும் செம்பைக் கெட்டியாகப் பிடிக்கின்றன. .357-ல் வினாடிக்கு 1,300 அடிக்கு மேல் போகிறவர்களுக்கும், அதே தோட்டாவை நீளக் குழல் கார்பைனிலும் சுடுகிறவர்களுக்கும் கேள்வியே இல்லாமல் இதைத்தான் சொல்வேன். கேஸ் செக் இருந்தால் கலவை நடுத்தரமாக இருந்தாலே போதும். ஆனால் விலை கணிசமாகக் கூடும். பயிற்சிக்காக அட்டையில் ஓட்டை போடுவதற்கு இது வீண் செலவு.

பூச்சுக் குண்டுதான் இந்தப் பந்தயத்தைப் புரட்டிப்போட்டது. மெழுகுக்குப் பதில் பாலிமர் பூச்சு பூசி, சூட்டில் வேகவைத்து, பிறகு சைஸ் செய்கிறார்கள். புகை வெகுவாகக் குறைகிறது. மெழுகுப் பிசுக்கும் போய்விடுகிறது. உள்ளரங்கில் சுடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரிலிருந்து வரும் ஈயத் தூசி அப்படியேதான் இருக்கும். ஆகவே கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும். பூச்சு சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்கப் புதுப் பெட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்துச் சுத்தியலால் நசுக்குங்கள். ஈயம் தட்டையானாலும் பூச்சு செதில் செதிலாக உரியக் கூடாது. இன்னொன்றை அசிட்டோன் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் துணியில் ஏறினால் அது அரைவேக்காடு. ஏற்றும்போது தோட்டாக் கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் விளிம்பு பூச்சைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் ஈயம் படியும். விட்டம் சிறிதாக இருந்தால் பூச்சு காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அழுத்திச் செய்த மென் ஈயக் குண்டு மேக்னத்துக்கானதே அல்ல; .38 ஸ்பெஷல் இலக்குத் தோட்டாவோடு நின்றுவிடட்டும். செம்பு முலாம் பூசியதில் தயாரிப்பாளர் வேக வரம்பு போட்டிருப்பார். அதை மதித்தால் சரி. ஆனால் மேக்னத்துக்குத் தேவையான பலத்த ரோல் கிரிம்ப், அதாவது கூட்டின் வாயை உள்ளே மடித்துக் குண்டை இறுக்குவது, மெல்லிய முலாமை வெட்டிவிடக்கூடும்.

வடிவத்தில் எனக்குப் பிடித்தது அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வழி வந்த செமி வாட்கட்டர்: அகன்ற தட்டை மூக்கு, அகலமான பட்டைகள், ஆழமான சதுரப் பள்ளம், தட்டை அடி. அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அந்த வடிவம் அல்ல. முன்பட்டை மெலிந்து, பள்ளம் உருண்டு, அடி சரிந்து வருபவை அநேகம். அசல் வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய 173 கிரெய்ன் குண்டுக்கு (அச்சு எண் 358429) மூக்கு நீளம். அதை .357 கூட்டில் கிரிம்ப் பள்ளம் வரை இறக்கினால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 27-ன் குட்டையான சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் தோட்டாவின் மொத்த நீளத்தையும் சிலிண்டரின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லீவர் ரைஃபிளுக்கும் அதே தோட்டா என்றால் செமி வாட்கட்டரின் தோள் உள்ளே நுழையும்போது முட்டலாம். அப்போது உருண்டு தட்டையான மூக்குதான் வசதி. எந்த வடிவமானாலும் கிரிம்ப் பள்ளம் தெளிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உதைப்பில் குண்டு முன்னால் நழுவிச் சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். எடை குறைந்த மேக்னம் ரிவால்வர்களில் இந்த ஆபத்து அதிகம். சிலவற்றின் கையேடு ஈயக் குண்டே வேண்டாம் என்கிறது.

ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால், .357-க்கு 158 கிரெய்ன், .44-க்கு 240 அல்லது 250 கிரெய்ன், எண் 12-க்கும் 15-க்கும் இடையே, தட்டை அடி, த்ரோட் அளவுக்குச் சைஸ் செய்த பூச்சுக் குண்டு. உச்ச வேகத்துக்கு ஒரு பெட்டி கேஸ் செக் தனியாக. மருந்தின் அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டில், அதே எடை ஈயக் குண்டுக்குச் சொன்னபடி, கீழ் எல்லையிலிருந்து தொடங்குங்கள். மாதிரிப் பொட்டலம் கிடைத்தால் அதை முதலில் சுட்டுவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். சிலிண்டர் பக்கத்து முனையில் ஈயம் இருந்தால் குண்டு சிறிது, அல்லது குழலைத் திருகி இறுக்கிய இடத்தில் துளை குறுகியிருக்கிறது. வெளிவாய்ப் பக்கம் இருந்தால் மெழுகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. அந்தப் படிவைச் செம்புக் கம்பிச் சுருளைத் தூரிகையில் சுற்றித் தேய்த்தே எடுக்க வேண்டும். சுருள் காந்தத்தில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, உள்ளே விடாதீர்கள். செம்பு உறைக் குண்டு நாலைந்து சுட்டால் ஈயம் போய்விடும் என்ற யோசனையையும் கேட்காதீர்கள். அது ஈயத்தை மேலும் அழுத்தித் தேய்க்கும். படிவு தடிமனாக இருந்தால் அழுத்தமும் ஏறும்.