வைத்தியர் காட்டும் செடியா, வழியில் வரும் எல்லாச் செடியுமா?

வைரஸை அடக்கும் சேர்மத்தைத் தாவரங்களில் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாரம்பரிய வைத்தியர் காட்டும் செடியில் தொடங்குவது. பசிபிக் தீவு நாடான சமோவாவில் கல்லீரல் அழற்சிக்குப் பயன்பட்ட மமலா மரத்தில் கிடைத்த புரோஸ்ட்ராடின் என்ற சேர்மம், செல்லுக்குள் பதுங்கிய எச்ஐவியைத் தட்டி எழுப்புவது ஆய்வகத்தில் தெரிந்தது; எழுப்பினால்தானே மருந்தால் அதைத் தாக்க முடியும்.

மற்றது, கண்டதையெல்லாம் சேகரித்துச் சோதிப்பது. 1987-ல் மலேசியாவின் சரவாக் காட்டில் அப்படி எடுத்த மாதிரியில்தான் எச்ஐவியின் நொதியைத் தடுக்கும் கலனோலைடு ஏ என்ற சேர்மம் கிடைத்தது. திரும்பிப் போனால் அந்த மரமே இல்லை, வெட்டிவிட்டார்கள்! அதே இனத்தின் வேறு மரங்களிலும் அது சரியாகக் கிடைக்கவில்லை. நினைத்தாலே மனம் பதறுகிறது.

வைத்தியருக்குத் தெரிவது நோயின் அறிகுறிதான், வைரஸ் அல்ல. சரி, இருந்தாலும் என் ஓட்டு முதல் வழிக்கே. அப்புறம், எந்த வழியானாலும் தாவரத்தின் துவர்ப்புப் பொருளான டானின்களை முதலில் நீக்குங்கள். அவை எல்லாப் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு பொய்யான பலன் காட்டும்.