டிரோஸ்கி கோபுரம் தெரியும் தூரம்: கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2, ஓராண்டுக்குப் பிறகு

2025 பிப்ரவரி 4. சம்பா அறுவடை முடிந்து எங்கள் தெருவில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்த நேரம். கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 என்ற கணினி கேம் அன்றுதான் வெளியானது. முதல் பாகம் 2018-இல் வந்தபோது என்னிடம் அதை ஓட்டக்கூடிய கணினி இல்லை, சில வருடம் கழித்துத்தான் ஆடினேன். அதனால் இரண்டாம் பாகத்தை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். எஸ்எஸ்டியில் 100 ஜிபி இடம் கேட்டது. பாபநாசம் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் இணைய வேகத்துக்கு அது இறங்கி முடிய இரண்டு இரவு ஆனது. ஒரே நாளில் 10 லட்சம் பிரதிகள் விற்ற செய்தியைப் படித்தபோது எனக்குப் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.

ஓராண்டு ஓடிவிட்டது. கதையை ஒருமுறை முழுதாக முடித்தேன். இப்போது ஹார்ட்கோர் என்ற கடினமான மோடில் மறுபடி முதலிலிருந்து ஆடுகிறேன். கணக்கு 230 மணி நேரம் காட்டுகிறது. முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் சண்டை, கதை, காட்சி என்று எழுதியிருப்பேன். இன்று என்னைக் கேட்டால், இது ஓர் ஊரைக் காலால் பழகிக்கொள்ளும் கேம் என்றுதான் சொல்வேன்.

கதை நடப்பது 1403-இல், இன்றைய செக் குடியரசின் பெரும்பகுதியான போஹேமியாவில். அரசர் நான்காம் வென்செஸ்லாஸைச் சிறைபிடித்துவிட்டு, ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அவருடைய சகோதரரும் ஹங்கேரி அரசருமான சிகிஸ்முண்ட் நாட்டுக்குள் படையோடு திரிகிறார். அந்தப் படை எரித்த ஸ்காலிட்ஸ் ஊரின் கொல்லர் வீட்டில் வளர்ந்தவன் ஹென்றி, அவன்தான் நாம். மந்திரம், டிராகன் எதுவும் கிடையாது. உருவாக்கிய வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் இருப்பது பிராகில். தங்கள் மண்ணின் கதையை அந்த மண்ணின் ஆட்களே செய்திருக்கிறார்கள் என்பது வேலி, மரம், கூரை வரை தெரிகிறது.

தொடக்கத்தில் ஹென்றியும் அவன் எஜமானர் ஹான்ஸ் கேப்பனும் ஒரு கடிதத்தோடு டிரோஸ்கி கோட்டைக்குப் போகிறார்கள். வழியில் தாக்கப்பட்டு எல்லாவற்றையும் இழக்கிறார்கள். உடம்பில் அழுக்கு, கையில் காசில்லை, ஹான்ஸ் பெரிய இடத்து ஆள் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. கோட்டைக்குள் நுழைய ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும், அந்தக் கல்யாணத்துக்குப் போக ஊரில் ஒருவருடைய தயவு வேண்டும். கொல்லரிடம் போகலாம், இல்லையென்றால் மாவு மில்காரரிடம் போகலாம். நான் கொல்லரைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கொல்லுப்பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெனுவில் ஒரு பட்டனைத் தட்டினால் வாள் வந்துவிடுவதில்லை. இரும்பைக் குறட்டால் பிடித்து உலையில் வைத்து, துருத்தி ஊதி, நிறம் ஏறும்வரை காத்திருந்து, எடுத்து அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் அடிக்கக் கூடாது. திருப்பிப் போட வேண்டும். நிறம் மங்கினால் மறுபடி உலை. தாளம் சரியாக விழும்போது ஹென்றி தன்போக்கில் சீட்டியடிப்பான். முடிவில் தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும்.

அப்பா அப்போது பின்னால் ஈசிசேரில் இருந்தார். அவருக்கு கேம் எல்லாம் பழக்கமில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆசாரி பட்டறை இருந்த காலத்தில் கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டவும் கொழு அடிக்கவும் அங்கே போய் நின்றவர், முறை வராதபோது துருத்தி இழுத்துக் கொடுத்தவர். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அந்தப் பட்டறை மூடிவிட்டது, நான் சிறுவயதில் பார்த்தது அரைகுறை நினைவாகத்தான் இருக்கிறது. நான் நான்காவது அடி அடிக்கும்போது அப்பா சொன்னார்: "தம்பி, செவப்பு போயிடுச்சு பாரு. உள்ள வை." நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்றிலிருந்து கோடாரி, லாடம் என்று எது அடித்தாலும் அவர் பார்வையில்தான் அடித்தேன். அந்த வாரம் முழுக்க நான் கதையில் ஓர் அடி நகரவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

வயல்களைப் பார்த்தபோதும் அப்பாவுக்குத்தான் முதல் கேள்வி வந்தது. "வரப்பையே காணோமே, தண்ணிய எப்படிக் கட்டுவாங்க?" அங்கே நெல் கிடையாது, மழையை நம்பிய தானியப் பயிர், தண்ணீரைத் தேக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தச் சரிவான நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா, கல்லணைக்கு எப்போது வரும், நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று ஆயுசெல்லாம் கணக்குப் போட்டவருக்கு, வாய்க்கால் இல்லாத ஒரு விவசாய நாடு விளங்க நேரம் எடுத்தது. ஒரு கேமின் நிலத்தைப் பார்த்து விவசாயி இப்படி ஒரு கேள்வி கேட்கிறார் என்றால், அதை வரைந்தவர்கள் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள்.

அடுத்து சேவ் செய்யும் முறை. நினைத்த நேரத்தில் சேவ் செய்ய முடியாது. சொந்தப் படுக்கையில் தூங்க வேண்டும், அல்லது குவெஸ்டின், அதாவது கதையில் நமக்குத் தரப்படும் பணியின், முக்கிய இடங்களில் அதுவாகச் சேவ் ஆகும், அல்லது சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடிக்க வேண்டும். அதை நாமே காய்ச்சலாம்: திராட்சை மதுவை அடுப்பில் ஏற்றி, காஞ்சொறி மாதிரியான அரிப்புச் செடியையும் பெல்லடோனாவையும் சேர்த்து, மணற்கடிகையைத் திருப்பி வைத்து நேரம் பார்க்க வேண்டும். செடிகளையும் நாமே காட்டில் பறித்துவர வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டால் ஒவ்வொரு முடிவுக்கும் கனம் வருகிறது. திருடலாமா, பொய் சொல்லலாமா என்று உண்மையாகவே யோசிக்க வைக்கிறது.

ஆனால் நம் ஊரில் கரண்ட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, கையில் ஷ்னாப்ஸ் தீர்ந்த நிலையில், ஒன்றரை மணி நேர ஆட்டம் ஒரே நொடியில் போனது. மறுநாளே கும்பகோணம் போய் யுபிஎஸ் வாங்கினேன். வெளியேறும்போது சேவ் செய்துகொள்ளும் வசதி உண்டு. யுபிஎஸ் தருகிற பத்து நிமிடம் அதற்குப் போதும். டெல்டாவில் இருந்து இதை ஆடப்போகிறவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. எதிரியின் கத்தி வரும் திசையைப் பார்த்துத் தடுக்க வேண்டும், பழக நாளாகும். முதல் இருபது மணி நேரம் மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஓடிவிடுவதே நல்லது. நாடோடிகள் முகாமில் ஒருவர் மாஸ்டர் ஸ்ட்ரைக் என்ற பதிலடியைக் கற்றுத் தருவார். அது கைவந்த பிறகு சண்டை எளிதாகிவிடுகிறது. எனக்கு அளவுக்கு மீறி எளிதாகிவிட்டது. காசும் அப்படித்தான். கதையின் பாதியில் பை நிறைந்துவிடுகிறது, தொடக்கத்தில் ஒரு ரொட்டிக்குப் பட்ட பாடு மறந்துபோகிறது. சாதாரண மோடில் இந்த கேமின் பெரிய குறை இதுதான் என்பேன்.

கதையின் பிற்பகுதி குட்டன்பர்க் நகரத்தில் நடக்கிறது. இன்றைய குட்னா ஹோரா. வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர், பிராக் குரோஷன் நாணயம் அடித்த ஊர், 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். அங்கே புனித பார்பரா தேவாலயத்தின் கட்டுமானம் 1388-இல் தொடங்கியது. 1403-இல் நாம் போகும்போது அது பாதியில் நிற்கிறது. அதன் எதிரில் குதிரையை நிறுத்திவிட்டு நான் வெகுநேரம் நின்றேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. அது சாரத்தோடும் கல் ஏற்றுகிற சத்தத்தோடும் பாதி எழுந்து நின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று நான் சிறுவயதிலிருந்து கற்பனை செய்வதுண்டு. வேறொரு நாட்டுக் கோயிலை அந்த நிலையில் பார்க்கும்போது ஆசையும் ஏக்கமும் சேர்ந்தே வந்தன. நம் கோயிலையும் யாராவது இவ்வளவு பொறுமையோடு இப்படி எழுப்பிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது ஆட்டத்தில் குரலை செக் மொழிக்கு மாற்றினேன், எழுத்து ஆங்கிலத்தில். தமிழில் எழுத்து கிடையாது. முதல் ஒரு மணி நேரம் கண் கீழேயே இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. சந்தை இரைச்சலும் பெண்கள் வாசலில் நின்று பேசுவதும் அந்த மொழியில்தான் உயிரோடு இருக்கின்றன. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் இயேசுவின் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். எங்கள் பக்கத்து வீட்டார் ஒருவரையொருவர் பார்த்ததும் "தோத்திரம்" என்பது போலவே இருந்தது.

சரி, ஹார்ட்கோர் மோடுக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் இலவச அப்டேட்டாக வந்தது. மேப்பில் நாம் நிற்கும் இடம் காட்டாது. நடக்காமல் ஓர் இடத்துக்கு உடனே போய்விடும் பாஸ்ட் டிராவல் கிடையாது. தொடங்கும்போதே பத்துக் குறைகளில் குறைந்தது மூன்றை நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நான் எடுத்தவை முதுகுப் பிடிப்பு, அதிக வியர்வை, தூக்கத்தில் நடப்பது. முதுகுப் பிடிப்பால் சுமை குறையும், வியர்வையால் சீக்கிரம் அழுக்கும் நாற்றமும் சேரும், ஆட்கள் முகம் சுளிப்பார்கள். மூன்றாவதுதான் எனக்கு இந்த கேமையே புதிதாகக் காட்டியது.

சத்திரத்தில் படுத்தேன், காட்டுக்குள் விழித்தேன். சுற்றிலும் மரம். மேப்பைத் திறந்தால் காடு இருக்கிறது, நான் எங்கே என்று இல்லை. கல்லூரி படிக்கும் அக்கா மகன் பக்கத்தில் இருந்தான். "மாமா, எந்தப் பக்கம் போறது?" என்றான். ஓர் ஓடை தெரிந்தது, அதைப் பிடித்து நடந்தோம். மேடு ஏறி மரம் விலகியதும் தூரத்தில் டிரோஸ்கி தெரிந்தது. இரண்டு பாறைகள், அவற்றின் மேல் இரண்டு கோபுரங்கள். உயர்ந்ததை பன்னா என்பார்கள், கன்னி. தாழ்ந்ததை பாபா என்பார்கள், கிழவி. இரண்டும் எந்த இடைவெளியில், எது எந்தப் பக்கமாக நிற்கிறது என்பதை வைத்து நாம் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கலாம்.

எங்கள் அப்பாயி பிறந்தது கும்பகோணத்துக்குக் கிழக்கே. படிக்காதவர். எங்களைக் கூட்டிக்கொண்டு வயல் வழியாக நடக்கும்போது சாரங்கபாணி கோயில் கோபுரத்தைத்தான் அவர் கண் தேடும். பதினோரு நிலைக் கோபுரம், தட்டையான நிலத்தில் எங்கிருந்தும் தலை தெரியும். "கோபுரம் சோத்தாங்கைப் பக்கம் வந்துச்சுன்னா ஊரு வந்துடுச்சு" என்பார். பன்னாவும் பாபாவும் தெரிந்த அந்த நிமிடத்தில் நான் நினைத்தது அவரைத்தான். சாதாரண மோடில் 110 மணி நேரம் இதே காட்டில் சுற்றியிருக்கிறேன், ஆனால் அந்தக் கோபுரங்களை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. மேப்பில் என் குறி இருந்தது, அதனால் தேவைப்படவில்லை. இப்போது எந்தச் சிலுவைத் தூணுக்கு அப்புறம் பாதை பிரியும், எந்தக் குளத்துக்கு மேல் நல்ல செடி கிடைக்கும் என்று பார்க்காமல் சொல்வேன்.

கணினி பற்றி இரண்டு வரி. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வைத்து 1080 அளவில் ஆடுகிறேன். கிராமப்புறத்தில் நன்றாக ஓடுகிறது, குட்டன்பர்க் சந்தையில் கொஞ்சம் இறங்கும், ஆட்டம் கெடுவதில்லை. ரத்தமும் வயது வந்தோருக்கான காட்சிகளும் உண்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் ஆடாதீர்கள். கூடுதல் கதைகள் மூன்றில் செப்டம்பரில் வந்த லெகசி ஆஃப் தி ஃபோர்ஜ் எனக்குப் பிடித்தது. பழைய பட்டறை ஒன்றைத் தூக்கி நிறுத்துவது அது, அப்பாவும் கூட உட்கார்ந்தார். நவம்பரில் வந்த செட்லெட்ஸ் மடத்துக் கதையை ஹார்ட்கோரில் குட்டன்பர்க் சேர்ந்த பிறகுதான் தொடங்குவேன். நடந்து போக வேண்டும், நாளாகும்.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் சாதாரண மோடில் டிரோஸ்கிப் பகுதியை மட்டும் முடியுங்கள். பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஹார்ட்கோரில் மறுபடி தொடங்குங்கள். குறைகளில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், தூக்கத்தில் நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.