எம்.டி.எஸ். படிப்பதா, எம்.பி.எச். படிப்பதா?

பல் மருத்துவ இளநிலைப் பட்டமான பி.டி.எஸ். முடித்து, வாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் இருக்க விரும்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். படிக்க மூன்று ஆண்டுகள். பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக வேண்டுமென்றால் எம்.டி.எஸ். பட்டம் வேண்டும். புற்றுநோயாக மாறக்கூடிய அறிகுறிகளைக் கண்டறிய முகாம்களில் கண்ணும் கையும் பழகும்: வெற்றிலை பாக்கு அடக்கும் கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பாக்கு மென்று மென்று இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காத வாய்.

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். இரண்டே ஆண்டுகள். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் படிக்கலாம். புள்ளியியலும், நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலும் இங்கே ஆழமாகக் கிடைக்கும்.

அந்த ஆழம் வீண் இல்லை. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு தேடிப் போய் மக்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதைக் கணக்குதான் காட்டியது!

கல்லூரியில் கற்பிக்கும் ஆசை இருந்தால் முதலில் எம்.டி.எஸ். படியுங்கள், புள்ளியியலைப் பிறகு விடாமல் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வும் கொள்கை வகுப்பும் மட்டுமே போதும் என்பவர்கள் தயங்காமல் எம்.பி.எச். சேரலாம்.