ஆற்றைத் தாண்டாத கிரான் க்ரூ: ஷாப்லி சுற்றுலாவில் நாங்கள் ஏமாந்தது

"அக்கா, ஆறு எங்கே?"

தம்பி இதைக் கேட்டபோது, பிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன ஷாப்லி ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் சாலையோரம் வேனை நிறுத்தியிருந்தார்கள். எதிரே இலையெல்லாம் மஞ்சளாகிப்போன திராட்சைத் தோட்டம், அதன்மேல் அக்டோபர் மாதத்துக் காலை வெயில். "இதுதான் கிரான் க்ரூ. படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கைடு. ஷாப்லி ஒயினில் மிக உயர்ந்த தரம் விளையும் தோட்டங்களுக்குத்தான் அந்தப் பெயர். எல்லோரும் எடுத்தோம். தம்பி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

அவன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் வேலை பார்க்கிறான். ஒயின் பரிமாறும் சோமெலியே தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறான். பாரிஸில் இருக்கும் என்னைப் பார்க்க அவனும் அவன் மனைவியும் வந்தபோது ஈஃபிள் கோபுரத்தைக்கூட அவன் கேட்கவில்லை. வரைபடத்திலேயே பார்த்துப் பழகிய ஷாப்லி கிரான் க்ரூ மலையைக் காலால் மிதிக்க வேண்டும் என்றான். எங்களிடம் கார் இல்லை. அதனால் பாரிஸிலிருந்து ஒரு நாள் வேன் சுற்றுலா ஒன்றை இணையத்தில் புக் செய்தேன். தலைக்கு 189 யூரோ, மூன்று பேருக்கு 567. கிரான் க்ரூ தோட்டங்களில் நடை, ஒயின் தயாரிக்கும் மூன்று குடும்பங்களின் நிலவறைகளில் சுவைத்தல், அங்கேயே உள்ளூர் மதிய உணவு, அதிகபட்சம் எட்டு பேர் என்று பக்கத்தில் போட்டிருந்தது.

ஷாப்லியின் அமைப்பு தெரிந்தால்தான் அங்கே நடந்தது புரியும். ஊர் இருப்பது சரேன் ஆற்றின் இடக்கரையில். அந்த வட்டாரம் முழுக்கச் சுமார் 5,800 ஹெக்டேரில் ஷார்டொனே என்ற ஒரே திராட்சைதான் விளைகிறது. பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ப்ரெமியே க்ரூ, கிரான் க்ரூ என்று கீழிருந்து மேலாக நான்கு தரப் படிகள். உச்சப் படியான கிரான் க்ரூ மொத்தமே ஏறத்தாழ 100 ஹெக்டேர். லே க்ளோ, வால்மூர், வோதெஸீர் என்று பெயர் பெற்ற ஏழு துண்டுகளும் ஒரே மலைச்சரிவில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அந்த மலை ஆற்றின் வலக்கரையில், ஊரைப் பார்த்தபடி, தென்மேற்கு நோக்கி நிற்கிறது. ஷாம்பெயின் வட்டாரத்தின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பகுதி இது. ஏப்ரலில் துளிர்விட்ட பிறகும் உறைபனி வந்து கருக்கிவிடும் என்பதால் இரவெல்லாம் கொடிகளுக்கு நடுவே பெரிய மெழுகுவர்த்திகளை ஏற்றிவைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சரிவு எந்தப் பக்கம் வெயில் வாங்குகிறது என்பதைப் பொறுத்துப் பழம் கனிவதே மாறும். அதனால்தான் திசைக்கு இத்தனை மதிப்பு.

பாரிஸிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது இடக்கரைத் தோட்டங்கள். அங்கேயும் நல்ல ப்ரெமியே க்ரூ சரிவுகள் இருக்கின்றன, பல தென்கிழக்கு பார்த்தவை. ஆனால் ஒரு அடி நிலம்கூட அங்கே கிரான் க்ரூ கிடையாது. காலை பதினொரு மணிக்கு வெயிலை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டிருந்த சரிவைப் பார்த்ததும் தம்பிக்கு உறுத்தியது அதுதான். "ஆறு பின்னால் இருக்கிறது" என்று கைடு கையை ஆட்டிவிட்டு வேனைக் கிளப்பினார். தோட்டத்துக்குள் யாரும் கால் வைக்கவில்லை. நடை என்று சொன்னது அந்தப் பத்து நிமிடம்தான்.

அடுத்து நிலவறைக்குப் பதிலாக ஒரு கடை. கவுன்டரில் மூன்று ஒயின் ஊற்றினார்கள், அதில் கிரான் க்ரூ இல்லை. கேட்டபோது ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார்கள். தங்க எழுத்தில் "வியேய் வீன்யு" என்றும் "கிராந்த் ரிசெர்வ்" என்றும் இருந்தது. பழைய கொடிகள், சிறப்புச் சேமிப்பு என்று பொருள். "கிரான் க்ரூவுக்குச் சமம், பாதி விலை" என்று கைடும் சேர்ந்து சொன்னார். தம்பி அந்த நேரத்தில் வாசலில் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று நான் ஆறு பாட்டில் வாங்கினேன். 36 யூரோ வீதம் 216 யூரோ.

வேனில் அவன் லேபிளைத் திருப்பிப் பார்த்து, அடியில் இருந்த சின்ன எழுத்தை விரலால் காட்டினான். "அப்பெலாசியோன் ஷாப்லி கோந்த்ரோலே." அவ்வளவுதான். சட்டப்படி அந்த ஒயின் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். கிரான் க்ரூவாக இருந்தால் அந்த வார்த்தை அதே வரியில் இருந்தாக வேண்டும். பழைய கொடி என்றால் எத்தனை வயது என்று பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை இல்லை. ரிசெர்வ் என்பதும் அங்கே ஒரு படியைக் குறிக்கும் சொல் இல்லை. நான் வாங்கியது சாதாரண ஷாப்லி, விவசாயியிடம் நேரில் போனால் 15 யூரோ அளவில் கிடைக்கும் வகை. ஒயின் கெட்டதில்லை, ஆனால் சொன்னது பொய். கடையில் நேரில் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் பிரான்ஸில் கிடையாது.

மதிய உணவு வேனுக்குள் உட்கார்ந்து தின்ற சாண்ட்விச். அப்புறம் உண்மையான நிலவறை ஒன்று கிடைத்தது, ஆனால் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து இருபத்தைந்து நிமிடம். மூன்றாவது இடம் "இன்று மூடியிருக்கிறது."

ஊரில் நாற்பது நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். தம்பி விறுவிறுவென்று நடந்து பாலத்தைக் கடந்தான், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை முழுதாக நின்றது, மத்தியான வெயில் இப்போதுதான் அதன் முகத்தில் விழுந்திருந்தது. காலையில் காட்டியது வேறு நிலம் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அவன் எதுவும் பேசவில்லை. அடிவாரம்வரை போகவும் நேரம் இல்லை. இத்தனை தூரம் பறந்து வந்தவனை அந்த மலையைத் தூரத்தில் வைத்தே திரும்பச் சொன்னேன். பணம் போனதைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது.

திரும்பி வந்தால் கைடு ஒரு மதுக்கடை வாசலில் கையில் கோப்பையோடு நிற்கிறார். அவர்தான் டிரைவரும். ஒயின் சுவைக்கும் இடங்களில் வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். இவர் காலையிலிருந்து ஒரு முறைகூடத் துப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரான்ஸில் சாதாரண ஓட்டுநருக்கே ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. கேட்டேன். "எனக்குப் பழக்கம், மேடம்" என்றார். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம், இருட்டும் நேரம். நாங்கள் ஏறவில்லை. ஒரு வயதான தம்பதியும் எங்களோடு இறங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கும் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை. டாக்ஸி பிடித்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓசேர் போய், அங்கிருந்து ரயிலில் பாரிஸ் வந்தோம். அந்த இடத்திலேயே 17-ஐ அழைத்துப் போலீசிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது. மற்றவர்கள் பத்திரமாகத்தான் திரும்பினார்கள் என்று பிறகு தெரிந்தது.

நிறுவனத்துக்கு எழுதினேன். "நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது" என்று பதில், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு புக் செய்த இதுபோன்ற பொழுதுபோக்குச் சேவைக்குப் பொருந்தாது. ஆனால் சொன்ன சேவையைத் தராதது வேறு விஷயம். புக்கிங் பக்கத்தை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதையும், இடம் பதிவான புகைப்படங்களையும், டாக்ஸி ரசீதையும் சேர்த்து வங்கியிடம் கொடுத்துப் பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. பிரெஞ்சு அரசின் சிக்னல் கோன்சோ தளத்திலும் புகார் பதிந்தேன். அது நமக்குப் பணம் வாங்கித் தராது, ஆனால் புகார் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் பார்வைக்குப் போகும். நீங்களும் ஏமாந்திருந்தால் அங்கே பதியுங்கள்.

ஷாப்லிக்குப் போக நினைப்பவர்கள் வேனே இல்லாமலும் போகலாம். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஓசேருக்கு ரயில், அங்கிருந்து டாக்ஸி. ஊருக்குள் போய்விட்டால் பாலத்தைக் கடந்து நடந்தே அந்த மலைக்குப் போகலாம். விவசாயிகளிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நான் மூன்று வாரம் கழித்து அப்படித்தான் தனியாகப் போனேன். ஒரு நிலவறையில் அந்த வீட்டு அம்மா ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஆறு ஒயின் ஊற்றிக் கொடுத்தார். தோட்டத்துக் கல் ஒன்றை எடுத்து அதில் பதிந்திருந்த நகம் அளவுச் சிப்பிகளைக் காட்டினார். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது, கிம்மரிட்ஜியன் என்று சொல்லும் அந்த மண் பதினைந்து கோடி வருடப் பழசு. லே க்ளோ சரிவின் அடியில் நின்று தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "அக்கா, கொஞ்சம் மண்ணைக் காட்டு" என்றான். காட்டினேன்.

வேன் சுற்றுலாதான் வசதி என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: சரேன் ஆற்றைக் கடந்து எந்த கிரான் க்ரூவில் நடக்கப்போகிறோம், சுவைக்கப்போகும் மூன்று இடங்களின் பெயர் என்ன, டிரைவரும் கைடும் ஒரே ஆளா. நான் இப்போது அதே நிறுவனத்திடம் வேறு பெயரில் இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தேன். பதினொரு நாளாகிறது, பதில் இல்லை.